எந்தக் காத்து?

முதல் நாள் என் கடைக்குள் வந்தபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். இரண்டாவது பொத்தானில் ஒரு சாண் நீளத்துக்கு நூல் ஒன்று தொங்கியது. பழைய வலையிலிருந்து பிரித்தெடுத்த ஒற்றை இழை. அது எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்தார். பிறகு, வருகிறவர்கள் உட்காரட்டும் என்று நான் போட்டிருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வாசலோரம் போட்டு உட்கார்ந்தார். அதற்கப்புறம்தான் வாயைத் திறந்தார்.

"அந்த ஜெராக்ஸ் மிசின்ல இருந்து வர்ற காத்து நேரா உன் மூஞ்சிக்குதான் வருது. நீ இப்டி வந்து குந்தும்மா."

கடை என்னுடையது. மிசின் என்னுடையது. மூஞ்சியும் என்னுடையதுதான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "உங்களுக்கு இன்னா வேணும்?" என்றேன்.

"ஆதாரு ஒரு காப்பி" என்றார், எதுவும் நடக்காததுபோல.

பழவேற்காட்டில் பேருந்து நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என் கடை. ஜெராக்ஸ், தட்டச்சு, மனு எழுதுவது, தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றிக் கொடுப்பது எல்லாம் நான்தான். என் ஊர் அனுப்பம்பட்டு. நெல் விளைகிற வீட்டில் பிறந்தவள். பொன்னேரி போய் பஸ் மாறி தினமும் வருவேன். கடல் எனக்குப் பார்க்கத் தெரியும், அவ்வளவுதான். அவருக்கு ஊர் ஏரிப்பக்கம் இருக்கும் தோணிரேவு. மீன்பிடிக்கிற குடும்பம். பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்துவிட்டுத் திரும்பியவர். ஊரில் அவரைக் 'காத்து மிலிட்ரி' என்பார்கள். அவருடைய உண்மைப் பெயரை அடித்து அடித்து என் விரல்களுக்கு மனப்பாடம். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அதனால் இங்கேயும் எழுதவில்லை.

யார் எதைச் சொன்னாலும் அவர் கேட்பது ஒரே கேள்விதான். தலைவலி என்று சொன்னால், "எந்தக் காத்து?" பிள்ளைக்குச் சளி என்றால், "எந்தக் காத்து?" டீக்கடைக்காரர் இவருடைய தொல்லை தாங்காமல் அடுப்பை மூன்று முறை இடம் மாற்றினார். நான்காவது முறை, "நீயே கடைய நடத்து மிலிட்ரி, நான் மீன் புடிக்கப் போறேன்" என்று கரண்டியை அவர் கையில் கொடுத்துவிட்டார். இவர் சிரிக்கவில்லை. கரண்டியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, அடுப்புக்கு மேற்கே ஒரு தகரத்தை நிறுத்திவிட்டுப் போனார்.

அவர் மனைவி மீன் கூடையோடு கடை வாசலில் நிற்பார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அவர் ஒரு நாள் சொன்னது இது: "கல்யாணத்தன்னிக்கி தாலிய கையில வச்சிக்கினு, ஐயரே, ஓமப் பொக பொண்ணு மூஞ்சிக்கு வருது, குண்டத்த நவுத்துங்கன்ன ஆளும்மா இந்த ஆளு. எங்க அம்மா அப்பவே தலைல கைய வச்சிக்கிச்சி."

மார்கழிக் காலைகளில் மீன் இறங்குகிற இடத்தில் பெண்கள் குளிர்காய்வார்கள். உடைந்த தெர்மாகோல் மீன் பெட்டி, கிழிந்த நைலான் வலை, கயிற்றுத் துண்டு, எது கிடைக்கிறதோ அதைப் போட்டுக் கொளுத்துவார்கள். ஒரு நாள் இவர் இரண்டு கையாலும் மணலை அள்ளி அந்த நெருப்பின்மேல் கொட்டினார். பெண்கள் சும்மா விடுவார்களா? "உன் பட்டாளத்த உன் வூட்டுல வச்சிக்க" என்பதில் தொடங்கி அவருடைய ஏழு தலைமுறையையும் இழுத்தார்கள். முழுவதையும் நின்று கேட்டார். மறுநாள் விடிந்ததும் டி.வி.எஸ்.ஸில் ஒரு கட்டு சவுக்கு விறகு கொண்டுவந்து போட்டார். அதற்கடுத்த நாளும் போட்டார். அந்த மார்கழி முழுக்கப் போட்டார். தைப் பொங்கலுக்குள் தெர்மாகோல் எரிப்பது அங்கே நின்றுபோயிற்று. திட்டியவர்களில் ஒருத்திதான் பிறகு அடுத்தவர்களுக்கு, "அத்த போடாதடி, மிலிட்ரி வந்துனு கீறாரு" என்று சொல்வாள்.

இதெல்லாம் கிறுக்கு என்றே நானும் நினைத்தேன். ஒரு நாள் என் கடையின் மூன்று படிகளை அவர் ஏறுவதைப் பார்த்தேன். இரண்டாவது படியில் நின்றார். கதவைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவதை ஏற அவருக்கு நேரம் பிடித்தது. கையில் ஒரு மருத்துவத் தாள். அதைப் பிரதி எடுக்கும்போது, கூடாதுதான், படித்துவிட்டேன். நுரையீரல் தடித்துச் சுருங்கிவிட்டது என்று எழுதியிருந்தது. கீழே ஒரு வரி: உடல்வாகால் வந்த நோய், பணிக்குத் தொடர்பில்லை.

"பணிக்கு இன்னாண்ணா தொடர்பு?" என்று கேட்டேன். அன்றைக்குத்தான் அவர் குழியைப் பற்றிச் சொன்னார்.

வடக்கே ஒரு முகாம். எது என்று அவர் என்னிடம் சொன்னார், நான் உங்களிடம் சொல்லப் போவதில்லை. "ரெண்டு ஆள் ஆழம். கேம்ப்ல மிஞ்சுனது எல்லாம் அதுக்குள்ளதான். பிளாஸ்டிக் தட்டு, டயரு, பேட்டரி, பெயிண்ட் டப்பா, கிழிஞ்ச ரெயின்கோட்டு, ஆஸ்பத்திரிக் குப்பை. மேல டீசல ஊத்திக் கொளுத்துவோம். மூணு வருசம் நான் குழி டூட்டி. மூக்குல ஒரு கர்ச்சீப்பு, அவ்ளோதான்."

"வேணாம்னு யாரும் சொல்லலியா?"

"யாருக்குத் தெரியும்? ஆபீசரு கூட அதே பொகையிலதான் நின்னுனு இருந்தாரு. குப்பைன்னா கொளுத்தணும், அதான் எங்களுக்குத் தெரிஞ்சது. இப்ப டாக்டராண்ட போனா, பீடியா சிகரெட்டான்னு கேக்கறாரு. ரெண்டும் இல்ல சார்ன்னேன். அவரு நம்பல."

மனு போட்டால் ஏதாவது கிடைக்குமா என்று கேட்டேன். அவருக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை.

"எனுக்கு ஆனது ஆயிடுச்சி. அந்தக் குழியாண்ட இன்னிக்கி எவனோ ஒர்த்தன் நின்னுனு கீறான். அவன் பேரு எனுக்குத் தெரியாது. என் நோவு அங்க இருந்துதான் வந்துச்சின்னு பேப்பர்ல ஏறுனாத்தான் அவன அந்தாண்ட நவுத்துவாங்க. அதுக்குத்தான் மனு போடச் சொல்றேன்."

அவரிடம் ஆதாரம் இருந்தது. பாக்கெட்டில் அடங்குகிற மூன்று நோட்டுகள், வருடத்துக்கு ஒன்று. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி. எதற்காக எழுதினீர்கள் என்று கேட்டேன்.

"எங்க நைனாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆள வச்சி லெட்டரு போடுவாரு. சாப்ட்டியா, தூங்கனியா, அதெல்லாம் கேக்க மாட்டாரு. கடல்ல இருக்கற மனுசன் வேற இன்னா கேப்பாரு? அங்க இன்னா காத்து, அது ஒண்ணுதான் கேப்பாரு. மாசத்துக்கு ஒரு லெட்டரு. மறந்துடக் கூடாதேன்னு டெய்லி எழுதி வச்சேன்."

அந்த நோட்டுகளை ஆங்கிலத்தில் கொடுத்தால்தான் பட்டாளத்து மருத்துவக் குழு பார்க்கும். வேலை என்னிடம் வந்தது. "எங்க பாசைல எழுதிக் கீறேன். பக்கத்துல குந்திச் சொல்லட்டுமா?" என்றார். சரி என்றேன். வந்து உட்கார்ந்த பத்து நிமிடத்தில் நாற்காலியை இரண்டு முறை மாற்றினார். மின்விசிறியை நிறுத்தினார். ஜெராக்ஸ் எடுக்க வந்தவரை, "அங்க நிக்காத நைனா, இப்டி நில்லு" என்று தள்ளி நிற்க வைத்தார். நான் பொறுமைக்குப் பேர்போனவள் இல்லை.

"அண்ணா, எனக்குத் தமிழ் நல்லாவே படிக்கத் தெரியும். நீங்க வூட்டுக்குப் போங்க. முடிச்சிட்டு போன் பண்றேன்."

அவர் நாற்காலியைப் பழைய இடத்தில் போட்டுவிட்டுப் போனார். இந்த ஒரு விஷயத்தை மாற்ற முடியும் என்றால் மாற்றிவிடுவேன்.

நோட்டில் வரிகள் இப்படித்தான் இருந்தன. 'வாடை. கண் எரிச்சல்.' 'வாடை. இருமல். மூணு பேர் படுத்துட்டாங்க.' 'கொண்டல். நிம்மதி.' 'தென்றல். நல்லா தூங்கினேன்.' 'வாடை. வாடை. வாடை.'

நான் உட்கார்ந்திருப்பது மீன் சந்தைக்கு நாலு கடை தள்ளி. கருவாட்டு வாடை, இறால் வாடை, ஐஸ் பெட்டி வாடை என்று நாள் முழுக்க அந்தச் சொல்லைச் சொல்லி மூக்கைப் பொத்துகிறவள். குழி, குப்பை, கண் எரிச்சல், பக்கத்தில் வாடை. எனக்குச் சந்தேகமே வரவில்லை. நாற்றம் என்று ஆங்கிலத்தில் போட்டேன். ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் அழகாக இருக்காதே என்று துர்நாற்றம், கெட்ட நெடி, சகிக்க முடியாத வாசனை என்பதற்கெல்லாம் விதவிதமான ஆங்கிலச் சொற்களைத் தேடிப் பிடித்தேன். கொண்டல் யாரோ வடக்கத்திச் சிப்பாய் என்று முடிவு கட்டினேன். மண்டல் என்று பெயர் இருக்கிறதே, அதுமாதிரி. 'கொண்டல் என்ற நண்பர் வந்தார், மனத்துக்கு ஆறுதலாக இருந்தது' என்று நீட்டி முழக்கினேன். தென்றல் எனக்குத் தெரிந்த சொல். 'இதமான இளங்காற்று' என்று ஆங்கிலத்தில் ஆசை ஆசையாக எழுதினேன். தென்றல் காற்று என்று தெரிந்தவளுக்கு, வாடையும் காற்றாக இருக்கலாமே என்று ஒரு கணம் தோன்றியிருக்கக் கூடாதா? பள்ளிக்கூடத்தில் வாடைக்காற்று என்று படித்தவள்தானே நான்?

அவர் ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பார். படித்துப் பாருங்கள் என்றேன். "நீ பாத்துட்ட இல்ல?" என்று ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார்.

பதில் வர மாதங்கள் ஆயின. உறையைப் பிரிக்காமல் என்னிடம் கொண்டுவந்தார். அண்ணி மீன் கூடையை வாசலில் இறக்கிவிட்டு நின்றார். நான் தமிழில் சொல்லிக்கொண்டே படித்தேன்.

"மனுதாரர், முகாமில் நாற்றம் இருந்ததாகத் தம் குறிப்புகளில் திரும்பத் திரும்பக் கூறுகிறார். நாற்றம் சங்கடமே தவிர, இந்நோய்க்குக் காரணம் ஆகாது. பல நாட்களில் இதமான காற்று வீசியதாகவும், கொண்டல் என்ற நண்பரால் ஆறுதல் அடைந்ததாகவும் அவரே குறிப்பிட்டிருக்கிறார். கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது."

"கொண்டலா?" என்றார் அவர். "யாரும்மா அது?"

"உங்க பிரெண்டுதாண்ணா. நோட்டுல நீங்கதானே எழுதிக் கீறீங்க."

அண்ணிதான் முதலில் சிரித்தார். கூடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஐய, அது காத்தும்மா! கெழக்கால இருந்து வர்ற காத்து." அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "கொண்டல்னு ஒரு பிரெண்டு! நல்லாத்தான் கீது" என்று சிரிக்கப் போய் இருமலில் மாட்டிக்கொண்டார். இருமல் அடங்க நேரம் பிடித்தது. பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்ப வாடைக்கு இன்னா போட்ட?"

எனக்கு அதற்குள் புரிந்துவிட்டது. "நாத்தம்னு போட்டுட்டேண்ணா."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. என் மேசைமேல் இருந்த ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். நடுவில் நீளமாக ஒரு கட்டம் போட்டார். மேலே ஒரு வட்டம்.

"வாடைன்னா வடகாத்து. குழி வடக்கால. நாங்க தூங்கற எடம் தெக்கால. வாடை அடிக்கிற அன்னிக்கெல்லாம் பொக மொத்தமும் எங்க மேல. கொண்டல் அடிச்சா மேக்கால போயிடும். தென்றல் அடிச்சா அந்தாண்ட வடக்க போயிடும். அதான் மூணு வருசமா எழுதிக் கீறேன். நாத்தத்தப் பத்தி எங்க நைனாவுக்கு எழுதுவனா நானு?"

நான் அழுதேன். கடையில் ஆள் நிற்கும்போதே அழுதேன். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறிய படிகளெல்லாம் என்னால் வீணாயிற்று என்ற வெட்கம் தாங்க முடியவில்லை.

"அழுவாத. கீழ போட்டுக் கீது பாரு, இன்னொரு தபா மேல மனு போடலாம்னு. போடுவோம். ஆனா இந்தத் தபா நான் பக்கத்துல குந்திக்குவேன். நாற்காலிய எனுக்கு எங்க தோணுதோ அங்க போடுவேன்."

"எங்க வேணா போடுங்கண்ணா."

மின்விசிறியை நானே எழுந்துபோய் நிறுத்தினேன்.

இரண்டாவது மனுவுக்குத் தன் நோட்டு மட்டும் போதாது என்று அவர் முடிவு செய்தார். பொன்னேரியைச் சுற்றி இருக்கிற ஊர்களில் பட்டாளத்திலிருந்து வந்தவர்களைத் தேடி டி.வி.எஸ்.ஸில் அலைந்தார். இரண்டு கிலோமீட்டருக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி மூச்சு வாங்குவார். அனுப்பம்பட்டில் எங்கள் வீட்டுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றார். என் சித்தப்பாவைப் பார்க்க.

சித்தப்பா பட்டாளத்தில் சமையல்காரராக இருந்தவர். வேறு முகாம், வேறு வருடங்கள். திரும்பி வந்ததிலிருந்து இருமல். நெல் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று நாங்கள் தீர்மானித்திருந்தோம். அறுவடைக் காலத்தில் சித்தி அவரைக் களத்துப் பக்கமே விடமாட்டார். சொந்த வயலுக்குப் போக முடியாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பார் மனுஷன்.

"குழி இருந்திச்சா?" என்றார் இவர்.

"எந்த கேம்ப்ல இல்ல?" என்றார் சித்தப்பா.

"எந்தக் காத்து?"

"காத்தா? அதெல்லாம் யாருக்கு ஞாபகம் கீது? நான் சமையல்கட்டுலயே கெடந்தவன்."

கடல்காரருக்குக் காற்று நினைவிருக்கும், வயல்காரருக்கு இருக்காது. இவர் கொஞ்சம் யோசித்தார்.

"சோத்துல சாம்பல் வியுந்துதா?"

"வியும். சில நாளு வியும். அன்னிக்கி அண்டாவ மூடியே வைப்பேன்."

"துணி எங்க காயப் போடுவீங்க?"

சித்தப்பா கூரையைப் பார்த்தார். விரலால் காற்றில் ஏதோ வரைந்தார். "சமையல்கட்டுக்குப் பின்னால கம்பி. ஆங், அந்தக் கம்பிய அவுத்து முன்னால கட்னேன். வெள்ளத் துணி கருப்பாயிடும், அதான்."

"எந்த மாசம் அவுத்தீங்க?"

"குளிருல. கார்த்திகை மார்கழி இருக்கும். வருசா வருசம் குளிரு வந்தா கம்பிய மாத்திடுவேன்."

இவர் எழுதிக்கொண்டார். சித்தி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். "இத்தினி வருசமா நெல்லு நெல்லுன்னு அத்த திட்டினு கெடந்தனே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மறுநாள் சித்தப்பா களத்துக்குப் போனார், நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு ஒரு தாள் அச்சடித்தோம். மூன்று கேள்விகள். நான் வழக்கம்போல, 'தாங்கள் பணிபுரிந்த இடம்' என்று தொடங்கினேன். அவர் அடித்துவிட்டார். அவர் சொன்னபடியே போட்டோம்: எங்க நின்ன? இன்னா எரிஞ்சுது? எந்தக் காத்து? அதற்குக் கீழே சின்ன எழுத்தில், காத்து ஞாபகம் இல்லன்னா துணி எங்க காஞ்சிது, சோத்துல சாம்பல் எப்ப வியுந்துது, அத்த எழுது. அவர் தேடிப் பிடித்தவர்கள் எல்லாரும் மீன் ஏலம் விடுகிற கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமை மதியம் கூடினார்கள். பெட்ரோல் கிடங்கில் இருந்தவர், வண்டிக்குப் பெயிண்ட் அடித்தவர், குண்டு வெடித்துப் பழகுகிற மைதானத்தைக் கூட்டினவர். தங்களுக்கு வந்திருப்பது தங்கள் வீட்டு நோய் என்றே ஒவ்வொருவரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். ஒருவர், எங்க தாத்தாவுக்கும் ஆஸ்துமா என்று ஆரம்பித்தார். "உன் தாத்தா டயரு கொளுத்துனாரா?" என்று இவர் கேட்டதும் கொட்டகையே சிரித்தது. சிரித்துவிட்டு எழுதத் தொடங்கினார்கள்.

சென்னையில் விசாரணை. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு பெண் மருத்துவர், தமிழ் தெரிந்தவர். இவர் உள்ளே போனதும் வணக்கம் வைத்தார். பிறகு நூலைப் பார்த்தார். ஏ.சி.க்கு நேரே இருந்த நாற்காலியை ஓரமாக நகர்த்திப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மருத்துவர் புதிய மொழிபெயர்ப்பைப் புரட்டினார். "முதல் மனுவில் நாற்றம் என்று இருந்தது. இப்போது வடகாற்று என்கிறீர்கள். மனு தள்ளுபடியான பிறகு மாற்றிச் சொல்கிறீர்கள் என்று நாங்கள் நினைக்க இடம் இருக்கிறது, இல்லையா?"

நான் எழுந்தேன். "தப்பு என்னுடையது, டாக்டர். எனக்கு அந்தச் சொல் தெரியவில்லை. அவர் சொல்ல வந்தார், நான்தான் துரத்திவிட்டேன்" என்றேன். இவர் என்னை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு மருத்துவர் பக்கம் திரும்பினார்.

"அம்மா, என் நோட்ட நம்ப வேணாம்" என்றார். "அந்த கேம்ப்போட சிக் ரிப்போர்ட் ரிஜிஸ்தர் உங்காண்ட இருக்கும். எவன் எந்தத் தேதில இருமல்னு போனான், கண்ணெரிச்சல்னு போனான், எல்லாம் அதுல இருக்கும். அத்த நான் கண்ணால பாத்ததில்ல. அதையும் என் நோட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சிப் பாருங்க. வாடை அடிச்ச நாளுக்கு மறுநாளு லைன் நீளமா இல்லன்னா, நான் சொல்றது பொய்யி. அப்புறம் வரவே மாட்டேன்."

மருத்துவர் அதைக் குறித்துக்கொண்டார். எனக்குத்தான் பயம். பொருந்தாமல் போனால்? ஒரு வருடத்துப் பதிவேடு காணாமல் போயிருந்தால்? ரயிலில் திரும்பும்போது இதை அவரிடமே கேட்டேன். "பொருந்தும்" என்றார். "எங்க நைனாவுக்கு நான் தப்பா எழுதுனதே இல்ல."

பொருந்தியது. அந்தக் கடிதம் வந்தபோது அவரால் என் கடைக்கு வர முடியவில்லை. ஆக்சிஜன் சிலிண்டர் பக்கத்தில் இருக்க, ஏரிக்காற்று வருகிற சன்னலோரம் கட்டிலில் படுத்திருந்தார். கட்டிலை எங்கே போடுவது என்பதையும் அவர்தான் சொல்லியிருப்பார். தோணிரேவுக்குப் போய்ப் படித்துக் காட்டினேன். 'பதிவேட்டோடு ஒப்பிடப்பட்டது. நோய் பணியால் வந்தது என ஏற்கப்படுகிறது.' அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது.

அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "குழி?" என்றார்.

"இன்னா குழி?"

"குழிய மூடிட்டாங்களான்னு எழுதிக் கீதா?"

முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். அப்படி எதுவும் இல்லை.

"அப்ப அடுத்த மனு போடு."

"இந்த ஆளுக்கு ஒரு நாளு சந்தோசமா இருக்கத் தெரியுதா பாரு!" என்று அண்ணி கத்தினார். கத்திவிட்டு என் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்ததும் அவர்தான். மூன்றாவது மனுவை அவர் சொல்லச் சொல்ல அங்கேயே எழுதினேன். வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கியதால் எழுதி முடிக்க மாலையாயிற்று. கையெழுத்துப் போட்டார்.

அது போய்ச் சேர்ந்து மூன்று வாரத்தில் அவர் இறந்துபோனார். ஏரிக்கரைச் சுடுகாட்டு மேட்டில், கொட்டகைக்கு வந்த அத்தனை பேரும் வரிசையாக நின்று விறைப்பாக வணக்கம் வைத்தார்கள். சித்தப்பாவும் நின்றார். சட்டையில் அந்த நூல் இருந்தது, அண்ணி கழற்ற விடவில்லை. எனக்கு அண்ணன் கிடையாது. அன்றைக்கு ஒருவரை இழந்தேன்.

மூன்றாவது மனுவுக்குப் பதில் போன வாரம் வந்தது. அவர் பெயருக்குத்தான் வந்தது. எடுத்துக்கொண்டு தோணிரேவுக்கு ஓடினேன். அண்ணி கரையில் குந்தி இறாலைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, ஜெயிச்சிட்டோம்! கேளுங்க. 'முகாமின் வடக்குப் பக்கத்தில் இருந்த எரிகுழி நிரந்தரமாக மூடப்பட்டது.'"

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "அப்புறம் இன்னா போட்டுக் கீது?"

அடுத்த வரியைப் படித்தேன். "'குப்பை எரிக்கும் இடம் முகாமின் தெற்குப் பக்கத்துக்கு மாற்றப்பட்டுள்ளது.'"

அவர் கை நின்றது.

"தெக்கயா?"

"ஆமா, அண்ணி."

"அப்ப தென்றலடிச்சா?"

 அண்ணி இறாலைக் கூடையில் போட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முன்பு அதே சொல்லைத்தான் இதமான இளங்காற்று என்று எழுதினேன். இனி ஆறு மாதம் வாடைக்கு யாரும் பயப்பட வேண்டாம். மீதி மாதங்களில், பெயர் தெரியாத எவனோ ஒருவனுடைய தட்டில் தென்றல் சாம்பலைக் கொண்டுவந்து போடும்.

பஸ் பிடித்துக் கடைக்கு வந்தேன். நாற்காலியை வாசலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். நான்காவது மனுவின் முதல் வரியை, இந்த முறை யாருக்கும் சந்தேகம் வராதபடி, ஆங்கிலத்தில் அடித்தேன்:

ஐயா, தென்றல் என்பது தெற்கிலிருந்து வீசும் காற்று.